பாட வைத்தவர்: எம்.பி. சீனிவாசனும் சேர்ந்திசையும்

தியானப் பகுதி: 1 நாளாகமம் 25:1-8



இந்த வாரத் தியானத்திற்குக் கொடுக்கப்பட்டுள்ள வேதபகுதியை நம்மில் பலர் வேகமாகக் கடந்துவிடுவோம். பெயர்களின் பட்டியல்தானே என்று தோன்றும். ஆனால் அந்த அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தாவீது ஆலயப் பணிக்கென்று ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகிய மூவரின் குமாரரைப் பிரித்தெடுக்கிறான். கர்த்தரைப் பாடும் வித்தையில் பயிற்சி பெற்றவர்கள் 288 பேர். வகுப்புக்கு 12 பேராக 24 வகுப்புகள். முறை யாருக்கு என்பதைச் சீட்டுப்போட்டு முடிவு செய்தார்கள். அதில் பெரியவன் சிறியவன், ஆசான் மாணாக்கன் என்னும் வேறுபாடு இல்லை.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஜனங்கள் சேர்ந்து பாடுவது தானாக நடந்துவிடுவதில்லை. அவர்களைச் சேர்த்து, பயிற்றுவித்து, ஒரே நேரத்தில் வாய் திறக்கச் செய்ய ஒருவர் வேண்டும். அத்தகைய ஊழியத்திற்குத் தம் வாழ்நாளின் பிற்பகுதியைக் கொடுத்த ஒரு மனிதரைப் பற்றி இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்தவர். ஆயினும் சபை கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றை அவர் செய்து காட்டினார்.

நம் மண்ணின் பாட்டு

அவரிடம் செல்லுமுன் நாம் வாழும் இந்தப் பகுதியைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். பண்ருட்டியை அடுத்து, கெடில நதிக்கரையில் இருக்கிறது திருவதிகை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர், சமண சமயத்தில் இருந்த காலத்தில் கடும் வயிற்றுநோயால் வருந்தி, இங்கே கோயில் பணி செய்துவந்த தம் தமக்கை திலகவதியாரைத் தேடி வந்தார் என்றும், அவரது முதல் பதிகம் இவ்வூரில்தான் பிறந்தது என்றும் பெரியபுராணம் கூறுகிறது. நாவினால் பாட்டும், கையினால் உழவாரப் பணியுமாக அவர் ஊர் ஊராகச் சென்றார்.

அது தனி ஒருவரின் குரல். அக்குரல் பலருடையதாவதற்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. மூவரின் பாடல் ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையொன்றில் கிடந்து, நம்பியாண்டார் நம்பியின் காலத்தில் மீட்கப்பட்டன என்பது மரபு. பின்னர் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவதற்கென்று 48 பேரையும், அவர்களுக்குப் பக்கமாக உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்தான். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் ஊதியம். ஒருவர் இறந்தால் அவருடைய உறவினர் பாடவேண்டும்; உறவினருக்குப் பாடும் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்தவேண்டும். இவையெல்லாம் அக்கோயிலின் கல்வெட்டிலேயே உள்ளன.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் இருந்த ஓர் ஆண்கள் பாடகர் குழு இது. எருசலேமில் 288 பேர். தஞ்சையில் 48 பேர். வழிபட்ட தெய்வமும் மொழியும் வேறு. ஆனாலும் இரண்டு இடங்களிலும் பாட்டு நிலைத்திருக்க எண்ணிக்கையும் முறையும் பயிற்சியும் தேவைப்பட்டன.

நம் சபைகளின் கதைக்கு வருவோம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர் காலந்தொட்டு, ஜெர்மானியப் பாடல்கள் தமிழாக்கப்பட்டு ஜெர்மானிய மெட்டுகளிலேயே பாடப்பட்டன. கடலூரில் 1740 முதல் 1758 வரை ஊழியம் செய்த கீர்நாந்தர் ஐயரின் சபையும் அந்த வழியில் வந்ததே. பிறகு தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) நம் நாட்டு இராகங்களில் கீர்த்தனைகளைப் பாடித் தந்தார். 1853இல் எட்வர்ட் வெப் ஐயர் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இவ்வாறு பாமாலையும் கீர்த்தனையும் நம் ஆலயத்தில் இரண்டு வாய்க்கால்களாக ஓடத் தொடங்கின.

இவை இரண்டும் பாடும் முறையில் வேறுபட்டவை. பாமாலை நான்கு குரல்களுக்காக அமைந்தது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று ஒவ்வொரு பிரிவும் தனக்குரிய சுரங்களைப் பாட, அவை ஒரே நேரத்தில் ஒலித்து ஒன்றாகும். கீர்த்தனைக்கு ஒரே மெட்டு. எல்லாரும் அதையே பாடுவர். பாமாலையின் இசையமைப்பு அயலானது, கீர்த்தனையின் இசை நம்முடையது. நம் சொந்த இராகத்தில், நம் சொந்தத் தமிழில், பல குரல்கள் பல வழியில் சென்று ஒன்றாகுமாறு பாட இயலுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் எம்.பி. சீனிவாசன்.

வாழ்க்கைப் பாதை

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925 செப்டம்பர் 19ஆம் நாள் சித்தூரில் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நாள்களில் விடுதலைப் போராட்டமும் மாணவர் இயக்கமும் அவரை ஈர்த்தன. பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். பின்னர் டெல்லியில், நாடாளுமன்றத் தலைவர் ஏ.கே. கோபாலனுக்குச் செயலராகப் பணியாற்றினார். அவர் மணந்துகொண்டது ஜாஹிதாவை. ஜாஹிதாவின் தந்தை சைபுதீன் கிச்சலு. 1919 ஏப்ரலில் கிச்சலுவும் சத்தியபாலும் கைது செய்யப்பட்டதைக் கண்டித்தே ஜாலியன்வாலா பாக்கில் மக்கள் கூடினார்கள் என்பதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். பிராமணக் குடும்பத்து இளைஞர் ஒருவர் காஷ்மீர மரபில் வந்த இஸ்லாமியத் தலைவரின் மகளை மணந்தது அக்காலத்தில் எளிய காரியம் அன்று.

சென்னைக்குத் திரும்பியவர் திரைப்பட இசைக்குள் வந்தார். 1960இல் நிமாய் கோஷ் இயக்கத்தில் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' என்னும் படத்திற்கு அவர் இசையமைத்தார். அப்படத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய தென்னங்கீற்றுப் பாடலை உங்களில் மூத்தவர்கள் இன்றும் முணுமுணுப்பதுண்டு. அதை எழுதியவர் நம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன். பின்னாளில் ஜெயகாந்தனின் கதை 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1977இல் படமானபோது எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்தார்.

படத்தின் முகப்பில் இசையமைப்பாளரின் பெயர் வரும். பின்னணியில் வயலின் வாசிப்பவர், தபேலா வாசிப்பவர், கோரஸ் பாடுபவர் ஆகியோரின் பெயர் எங்கும் வராது. அவர்களுடைய கூலிக்கும் அக்காலத்தில் பாதுகாப்பு இல்லை. அந்தக் கலைஞர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து, அவர்களுக்கு நியாயமான ஊதியம் கிடைக்கப் போராடியவர்களில் சீனிவாசன் முன்னின்றார். தமிழ்த் திரையில் அவருக்குக் கிடைத்த படங்கள் மிகச் சிலவே. மலையாளத் திரை அவரை ஏற்றுக்கொண்டது. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' (1972) முதலான படங்களுக்கு அவர் தந்த இசை இன்றும் மதிக்கப்படுகிறது.

அவருடைய மலையாளப் பணியில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் தனியே சொல்ல வேண்டும். 1961 நவம்பர் 14ஆம் நாள் சென்னையில் 'கால்பாடுகள்' என்னும் படத்திற்காக ஒரு பாடல் பதிவானது. பாடியவர் கொச்சியைச் சேர்ந்த 21 வயது கத்தோலிக்க இளைஞர். பாடிய வரிகள் ஸ்ரீ நாராயண குருவினுடையவை: சாதி வேறுபாடும் மதப் பகையும் இல்லாமல் எல்லாரும் உடன்பிறந்தாராய் வாழும் இடத்தைப் பற்றியவை. அந்த இளைஞர்தாம் கே.ஜே. யேசுதாஸ். ஈழவ சமூகத்தில் தோன்றிய குருவின் சொல்லை, பிராமணக் குடும்பத்தில் பிறந்த இசையமைப்பாளர் மெட்டமைக்க, கிறிஸ்தவப் பிள்ளை பாடினார். யேசுதாஸின் திரைவாழ்வு அங்கே தொடங்கியது.

சேர்ந்திசை

திரையிசையோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி இங்கே எழுதியிருக்க மாட்டேன். 1970களின் தொடக்கத்திலிருந்து அவர் உள்ளம் வேறொன்றில் நிலைத்தது. அதற்குத் தமிழில் 'சேர்ந்திசை' என்று பெயர்.

இந்த எண்ணம் திடீரென்று பிறந்ததன்று. 1943இல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றம், தொழிலாளரும் மாணவரும் கூடிப் பாடும் பாடல்களை நாடெங்கும் கொண்டுசென்றது. சலில் சௌத்ரியும் ரூமா குஹா தாகுர்தாவும் முன்னின்று 1958இல் கல்கத்தா யூத் கொயரைத் தொடங்கினார்கள். அயல்நாடுகளில் இதற்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. பெர்லினில் 1809இல் ஆண்கள் பாடகர் குழுவைத் தொடங்கிய செல்ட்டர் தொழிலால் கொத்தனார். எஸ்தோனிய மக்கள் 1869இல் தார்த்து நகரில் நடத்திய முதல் பாடல் திருவிழாவில் ஆண்கள் குழுக்களே பாடின. அயலார் ஆட்சிக்குக் கீழே இருந்த அச்சிறிய நாட்டினர் தாங்களும் ஒரு ஜனம் என்பதை அன்று கூடிப் பாடி உணர்ந்தார்கள்.

சீனிவாசன் அமைத்தது மதராஸ் யூத் கொயர். ஆணும் பெண்ணும் சேர்ந்த குழு. பாடகர்களாகப் பிழைப்பவர்களுக்கென்று அவர் அதை நடத்தவில்லை. பகலில் அலுவலகத்திலும் கல்லூரியிலும் இருப்பவர்கள் மாலையில் வந்து பயின்றார்கள். தமிழில் மட்டுமன்றிப் பல இந்திய மொழிகளிலும் பாடினார்கள். வானொலியும் அவர்கள் குரலை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. பாரதியாரின் பாடல்களை அவர் பல குரல்களுக்குப் பிரித்து அமைத்தார். 1918இன் இறுதியில் நம் கடலூர்ச் சிறையில் சில வாரங்கள் அடைபட்டிருந்த பாரதியின் சொற்கள், அரை நூற்றாண்டுக்குப் பின் பல தொண்டைகளிலிருந்து ஒரே மூச்சாக எழுந்தன.

இதில் உள்ள இடர் என்னவென்று நம் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஆண்களுக்கு ஒன்று அல்லது இரண்டு கட்டைச் சுருதி இயல்பாக வரும். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. எல்லாரும் ஒரே மெட்டை ஒரே சுருதியில் பாடவேண்டும் என்றால் ஒரு சாரார் கத்தவேண்டும் அல்லது முனகவேண்டும். பெண்களுக்கு ஏற்ற சுருதியை எடுத்தால் ஆண்கள் மெல்ல வாயை மூடிக்கொள்கிறார்கள். பஜனையில் ஒருவர் பாடப் பிறர் திருப்பிச் சொல்வார்கள். அங்கும் சுருதி ஒன்றே. சேர்ந்திசையோ ஒவ்வொருவருக்கும் அவரவர் குரல் எட்டும் இடத்திலேயே ஒரு வழி அமைத்துத் தருகிறது. தாழ்ந்த குரலுக்குத் தாழ்ந்த சுரம். உயர்ந்த குரலுக்கு உயர்ந்த சுரம். ஆனால் இராகம் சிதையக் கூடாது. தமிழ்ச் சொல் மழுங்கக் கூடாது. மேல்நாட்டு முறையை அப்படியே வைத்தால் இராகத்தின் கமகமும் உருவமும் கெடும். இராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் பல குரல் வராது. இந்த இரண்டிற்கும் நடுவே வழி கண்டதுதான் சீனிவாசனின் உழைப்பு.

சென்னையோடு அவர் நிற்கவில்லை. கேரளத்திலும் பிற இடங்களிலும் பள்ளிப் பிள்ளைகளைப் பெருங்கூட்டமாக நிறுத்திப் பாடவைத்தார். இசை கற்காத பிள்ளையும் பாட முடியும் என்பது அவருடைய உறுதி. 1988இல் சேர்ந்திசைப் பயிற்சி அளிப்பதற்காக லட்சத்தீவுக்குச் சென்றார். அங்கே மார்ச் 9ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வயது 62. கடைசி நாளிலும் அவர் யாருக்கோ பாடக் கற்றுக்கொடுக்கும் இடத்தில்தான் இருந்தார். அவர் சென்னையில் தொடங்கிய குழு அவருக்குப் பின்னும் பாடியது. திருவனந்தபுரத்தில் அவர் பெயராலேயே ஒரு குழு இயங்குகிறது.

சபைக்கு என்ன?

பிரியமானவர்களே, இவ்வரலாற்றின் முன் நம்மை நிறுத்திப் பார்ப்போம்.

முதலாவது, அடுத்திருப்பவரைக் கேளாமல் சேர்ந்து பாட முடியாது. கொயரில் நல்ல குரல் உடையவர் தம் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு பாடினால் பாட்டு கெட்டுப்போகும். டெனர் பாடுபவர் பேஸைக் கேட்டாக வேண்டும். இது இசையின் இலக்கணம். சபையின் இலக்கணமும் இதுவே. நம் வரலாற்றில் இதை நாம் எப்போதும் காத்துக்கொள்ளவில்லை. நமக்குக் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே, ஆலயத்தில் சாதி வேறுபாட்டை நீக்க முற்பட்ட மிஷனரிகளை 1829இல் எதிர்த்து எழுதினார். அவருடைய பாடல்களை நாம் நன்றியோடு பாடுகிறோம். இந்த உண்மையையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரே கீர்த்தனையைப் பாடிக்கொண்டு வெவ்வேறு பக்கங்களில் உட்கார நம் முன்னோரால் முடிந்தது. இன்று உட்காரும் இடம் மாறிவிட்டது. கல்லறைத் தோட்டத்திலும், திருமணப் பேச்சிலும், சபைத் தேர்தலிலும் அது மாறிவிட்டதா என்று ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோம். சபைக்கு வெளியே இருந்த ஒருவர் தம் குழுவிலும் தம் இல்லத்திலும் அந்தச் சுவரை இடித்தார் என்பது நம்மை வெட்கப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி. நாளாகமத்தில் கெனானியா என்பவன் பாட்டுக்குத் தலைவனாக வைக்கப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணம் அவன் அதில் நிபுணனாக இருந்தான் என்பதே. பக்தி இருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்று நாம் சொல்லக் கேட்கிறோம். சனிக்கிழமை மாலை கொயர் பயிற்சிக்கு வருபவர் எண்ணிக்கை நம் சபைகள் பலவற்றிலும் ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. மைக்கைப் பிடித்து நால்வர் பாட, பெட்டியிலிருந்து எழும் சத்தத்தில் சபையின் குரல் அமிழ்ந்துபோகிறது. குறிப்பாக ஆண்கள் மௌனமாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பக்தி குறைவு என்று நான் எண்ணவில்லை. அவர்கள் குரல் எட்டாத சுருதியில் பாட்டு தொடங்குகிறது; அவர்களுக்குரிய வழியை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. பாமாலையின் டெனரும் பேஸும் பாடத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இளைஞர்கள் கற்றுக்கொள்ளாவிட்டால், நம் பாட்டன்மார் அறிந்திருந்த ஒன்று நம்மோடு அற்றுப்போகும். தஞ்சைக் கல்வெட்டு ஒருவர் மறைந்தால் அடுத்துப் பாடுபவர் யார் என்று முன்கூட்டியே எழுதிவைத்தது. நாம் எழுதிவைத்திருக்கிறோமா?

மூன்றாவது, பாடகர் குழுத் தலைவர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். கூட்டத்திற்குத் தம் முதுகைக் காட்டிக்கொண்டு, பாடுபவர்களின் முகத்தைப் பார்த்து நிற்கிறார். நாம் கேட்கும் சத்தத்தில் அவருடைய குரல் இல்லை. நன்றாகப் பாடினால் பாராட்டு குழுவிற்கு. பிழைத்தால் பழி அவருக்கு. பிறரைப் பாட வைப்பதே அவருடைய பாட்டு. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி, பிள்ளைகளுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கும் பாட்டி ஆகிய யாவரும் இப்படித்தான் நிற்கிறார்கள். போதகரும் அங்கேதான் நிற்க வேண்டும்.

சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாளை நினைவுகூருங்கள். பூரிகை ஊதுகிறவர்களும் பாடகரும் ஒருமிக்க ஒரே சத்தமாய்க் கர்த்தரைத் துதித்த வேளையில்தான் கர்த்தருடைய மகிமை ஆலயத்தை நிரப்பியதாக 2 நாளாகமம் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த ஒரே சத்தத்தில் எத்தனை பேருடைய குரல் இருந்திருக்கும்!

இந்த வாரம் உங்களிடம் நான் கேட்பது சிறியதே. வரும் ஞாயிறு ஆராதனையில் பாடல் தொடங்கும்போது புத்தகத்தைத் திறந்து, வாயையும் திறவுங்கள். உங்கள் அருகில் நிற்பவரின் குரல் காதில் விழும் அளவிற்குப் பாடுங்கள். ஆர்மோனியம் வாசிப்பவர்கள் கீர்த்தனைகளை மூன்று கட்டையில் எடுத்துப் பாருங்கள். இருபாலாருக்கும் அது எட்டும். பாமாலையின் கீழ்க்குரல்களை அறிந்த பெரியவர்கள் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் நம் வாலிபர்களுக்குத் தாருங்கள்.

எங்கள் பரம தகப்பனே, எங்களுக்குத் தந்த குரல்களுக்காக உமக்கு நன்றி. பாட வைத்தவர்களுக்காகவும் நன்றி. அருகில் நிற்பவரைக் கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். எங்கள் சபையில் ஒரு குரலும் ஒதுக்கப்படாதிருக்கக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.